தாலி வரையாத படம்

நான் பொய் சொன்னேன். அம்மன் கோயில் வாசலில் பஞ்சாயத்து கூடியிருந்தபோது, பட்டப்பகலில், எங்கள் குப்பத்து ஆண்கள் அத்தனை பேரும் கேட்கச் சொன்னேன். "அவர் கண்ணால் பார்த்ததை விடமாட்டார், பார்த்தபடியே போடுவார்" என்பதுதான் நான் சொன்னது. சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு பேச்சில் என் மனைவிக்கு வீடு போயிற்று. ஏரியில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி அவள் இறால் தடவிய இடமும் போயிற்று. வீட்டைவிட அந்த இடம்தான் அவளுக்குப் பெரிது என்பதை நாலு வருஷம் கழித்தே தெரிந்துகொண்டேன்.

போன மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள். அவள் இருக்கும்வரை இதை எழுதவேண்டாம் என்றிருந்தேன். எழுதினால் யாராவது படிப்பார்கள், படித்தால் மறுபடியும் அவளைப் பற்றிப் பேசுவார்கள். இப்போது பேசினால் என்னைப் பற்றிப் பேசட்டும்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கொடி பறந்த கடைசி வருஷங்கள் அவை. கோட்டை இடிந்து கிடந்தது. அதன் செங்கல்லை ஊரார் தங்கள் வீட்டுச் சுவருக்கு எடுத்துப்போய்க்கொண்டிருந்தார்கள். துரையும் நாலைந்து உத்தியோகஸ்தர்களும் ஊருக்குள் ஒரு மாடி வீட்டில் கச்சேரி, அதாவது அலுவலகம், வைத்திருந்தார்கள். அங்கே நான் எழுத்தன். என் நைனா வலை போடுகிறவர். ஏரித் தீவான பசியாவரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குப்பம் எங்களுடையது. பாதிரியாரின் வேதப் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் சோறு போடுகிறார்கள் என்று என்னை அங்கே விட்டார். சோற்றுக்காகப் போனவன் தமிழும் தெலுங்கும் ஒல்லாந்த பாஷையும் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு வெளியே வந்தேன். குப்பத்தில் காகிதத்தைப் பார்த்துப் பேசத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பெரியவர்கள்கூட என்னை "காகிதம் படிக்கிறவன்" என்றுதான் சொல்வார்கள். அதில் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது.

ஏரியின் ஆழத்தை அளந்து வரைபடம் எழுத, சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஓர் ஒல்லாந்த அளவுக்காரர் வந்தார். ஓடத்தில் அவரோடு நான் போவேன். அவர் ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழத்தைச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். ஓடம் தள்ளுகிறவர் வடக்கே தெலுங்கு பேசுகிற கிராமத்து ஆள், வாயே திறக்கமாட்டார்.

ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஓடம் போகும் நேரத்தில் அளவுக்காரர் சும்மா இருக்கமாட்டார். கையில் கிடைத்த காகிதத்தில் கண்ணில் பட்டதை வரைவார். அப்படி வரைந்து நான் அதுவரை பார்த்ததில்லை. பேனாவை ஊன்றினால் எடுக்கவேமாட்டார். பிடரியில் ஆரம்பித்த கோடு தோளில் இறங்கி, முதுகில் வளைந்து, இடுப்பில் வந்து சட்டென்று நின்றுவிடும். அதற்குக் கீழே ஒன்றும் இருக்காது. ஆனாலும் அங்கே கால் இருப்பதும், அது எப்படி மடங்கியிருக்கிறது என்பதும் தெரியும். ஐந்து கோடு, ஏழு கோடு, அதற்குமேல் போடமாட்டார். எங்கள் குப்பத்துத் தலைவரான பெரியதனக்காரரை, பாதிரியாரை, ஓடக்காரரை, எல்லாரையும் அப்படித்தான் வரைந்தார். ஒருவர் உடம்பிலும் துணி இல்லை.

ஒருநாள் என்னையும் வரைந்து காட்டினார். உட்கார்ந்து எழுதுகிறேன். குனிந்த கழுத்து, முழங்கை, அவ்வளவுதான்.

"என் சட்டையைக் காணோமே" என்றேன். அந்தச் சட்டை புதிது.

"சட்டையைப் போட்டால் எல்லாரும் சட்டையைத்தான் பார்ப்பார்கள். நீ எப்படிக் குனிகிறாய் என்று யார் பார்ப்பது?" என்றார்.

அந்தப் பதில் எனக்கு நன்றாகப் புரிந்தது. இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் புரியாதவனைப்போல்தான் பிறகு நடந்துகொண்டேன்.

அவர் சதுரங்கப்பட்டினம் திரும்பிய வாரம், அவர் விட்டுப்போன ஆழக் குறிப்புகளை அடுக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கட்டின் நடுவே ஒரு தாளின் பின்புறத்தில் அந்தப் படம் இருந்தது. ஏழு கோடுகள். எத்தனை முறை எண்ணியிருக்கிறேன்! கழுத்து முன்னால் நீண்டிருக்கிறது. இடது தோள் தாழ்ந்திருக்கிறது. முதுகு ஒரே கோடாகப் போய் இடுப்பில் நிற்கிறது. அக்குளிலிருந்து புறப்பட்ட சின்னக் கோடு ஒன்று மார்பின் அடியைத் தொட்டுவிட்டு முடியாமலே விட்டுப்போகிறது. முகத்தில் கண் இல்லை, மூக்கு இல்லை. உடம்பில் சீலை இல்லை. இடுப்புக்குக் கீழே குறுக்காக ஒரே கோடு. அது தண்ணீர்.

என் மனைவியின் இடது தோள் சற்றுத் தாழ்ந்திருக்கும். சின்ன வயதில் தோணியிலிருந்து விழுந்ததில் எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. அவளையும் என்னையும் அவள் அண்ணனையும் தவிர யாரும் கவனித்திருக்கமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

அந்தத் தாள் எனக்குக் காட்டப்படவில்லை. மற்ற எல்லாப் படங்களையும் காட்டியவர் இதை மட்டும் கணக்குத் தாள்களின் நடுவே சொருகி வைத்திருக்கிறார் என்று மனம் சொல்லிற்று. உண்மையில் சொருகியிருந்தது தாள். படம் அதன் பின்புறத்தில் இருந்தது, அவ்வளவுதான். அவர் கைக்குக் கிடைத்த தாளில் வரைகிற ஆள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தது ஒன்றும் அப்போது உதவிக்கு வரவில்லை. என் கூரைக்குக் கீழே இருந்தவள் என்னை ஏமாற்றிவிட்டாள், என் பக்கத்தில் உட்கார்ந்து என்னோடு வெற்றிலை போட்டவர் என்னை ஏமாற்றிவிட்டார் என்ற எண்ணம் என்னைச் சூடாக்கிற்று. அந்தச் சூட்டில் ஒரு சுகமும் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

இந்தப் படத்தை எங்கள் கண் எப்படிப் பார்க்கும் என்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்துச் சித்திரச் சீலைகளில் பெண் உருவம் வரும். கோயில் தேரின் அடிப்பலகையிலும் வரும். அவர்களில் பாதிப் பேருக்கு மேலுடம்பில் துணி இருக்காது. ஆனால் வளையல் இருக்கும், ஒட்டியாணம் இருக்கும், கழுத்தில் ஏழெட்டுச் சரம் இருக்கும். உடம்புக்குள் வெறும் இடமே விடமாட்டார்கள். அதைப் பார்த்து யாரும் வெட்கப்பட்டதில்லை. குழந்தைகளைத் தூக்கிக் காட்டுவோம். இந்தத் தாளில் கோட்டுக்கு உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் காகிதம்தான் உடம்பு. நகை இல்லாத, தாலிக்கயிறு இல்லாத அந்த வெறுமைதான் எங்களுக்கு நிர்வாணம். அளவுக்காரருக்கு அது மிச்சம் விட்ட இடம். இந்த இரண்டு கண்ணும் அந்தக் குப்பத்தில் எனக்கு மட்டுமே இருந்தன. நான் ஒன்றை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அவள் இறாலைக் கழுவிக்கொண்டிருந்தாள். தாளை அவள் முன்னால் வைத்தேன்.

"இன்னாயா இது? கொக்கா?" என்றாள்.

"நல்லா பாரு."

"பாத்தேன். கொக்குதான். கழுத்த நீட்டிக்கினு தண்ணில நிக்குது. இல்லாங்காட்டி ஒடஞ்ச தோணி." ஈரக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இதுக்குத்தான் வெள்ளக்காரன் ஒன்ன கூட வச்சுக்கினு சுத்துறானா? எனக்கு ஒரு பேனா குடு, நான் பத்து கொக்கு போட்டுத் தர்றேன்."

அவளுக்கு அதில் பெண்ணே தெரியவில்லை. எங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. நானோ அந்தச் சிரிப்பை மறைப்பு என்று எடுத்துக்கொண்டேன். "வெள்ளக்காரன் ஒன்ன எங்க பாத்தான்?" என்று கேட்டேன். சிரிப்பு அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். "ஒனக்கு இன்னாமோ ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் இறாலைக் கழுவத் தொடங்கினாள். மேலே ஒன்றும் கேட்காமல் நான் எழுந்துவிட்டேன். மறுநாள் காலையில் தாளை எடுத்துக்கொண்டு பெரியதனக்காரரிடம் போனேன்.

பஞ்சாயத்து கூடியது. தாள் கைமாறிக் கைமாறிப் போயிற்று.

"இதுல இன்னா கீது? ஏரிக்கர மாதிரி வளஞ்சு போவுது" என்றார் பெரியதனக்காரர்.

"முகத்துவாரம் மாமா. பாரு, இங்க தொறந்துக்கினு கீது" என்றான் ஒருவன்.

"ஆழம் அளக்குறவன் வேற இன்னாத்த போடுவான்? ஏம்ப்பா காகிதம் படிக்கிறவனே, நீ படிச்சு சொல்லு" என்றார் பெரியதனக்காரர்.

நான் எழுந்து போய், விரல் வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். இது கழுத்து. இது தோள். இது முதுகு. இது மார்பு. எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொடுப்பதைப்போல நிதானமாகச் சொன்னேன். ஏரிக்கரையாக இருந்த கோடு அவர்கள் கண் முன்னால் பெண்ணாக மாறியதை நான் பார்த்தேன். ஒருமுறை மாறிய பிறகு அது திரும்பவும் ஏரிக்கரை ஆகவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெரியதனக்காரர் தாளைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார். அதில் ஒரு பெண்ணைப் பார்க்க அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.

"யார் இது?"

"என் சம்சாரம்."

அவளைக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள். பெண்கள் சற்றுத் தள்ளி, பேச உரிமையில்லாமல் நின்றார்கள். அவளோடு தினமும் தண்ணீரில் இறங்குகிறவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள்.

"சீல எங்க?" என்று கேட்டார் பெரியதனக்காரர். "சரி, சீல தண்ணில கெடக்குதுன்னு வச்சுக்கலாம். கழுத்துல தாலி எங்க?"

"எறங்கும்போது தாலிய பின்னால தள்ளி முடியோட சொருவிக்குவோம். முன்னால உட்டா பாசில மாட்டும். எல்லாரும் அப்படித்தான்" என்றாள் அவள்.

இது ஆண்களுக்குத் தெரியாது. பெண்கள் இறால் தடவுகிற தண்ணீருக்கு ஆண்கள் போகக்கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. பறி என்கிற ஓலைக்கூடையின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தும், மேடான இடத்தில் எழுந்து குனிந்தும், இரண்டு கையாலும் சேற்றைத் தடவியபடி பெண்கள் வரிசையாக நகர்வார்கள். ஒருத்தி கைக்குத் தப்பிய இறால் பக்கத்தில் இருப்பவள் கைக்குப் போகும். அதனால் வரிசையில் இடம் என்பது பெரிய விஷயம். தனியாக உட்கார்ந்தவளுக்குப் பறியின் அடிகூட நிறையாது. இதெல்லாம் அவள் எனக்குச் சொல்லியிருந்தாள். தாலியைப் பின்னால் சொருகுவதையும் சொல்லியிருந்தாள். என்னால் அங்கேயே "ஆமாம், உண்மைதான்" என்று சொல்லியிருக்க முடியும்.

"அப்போ சீலையையும் முடியிலதான் சொருவிக்குவீங்களோ?" என்று ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள்.

"அது நான்னு யார் சொன்னது?" என்றாள்.

"உம் புருசந்தான் சொல்றான்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீயாயா சொன்ன?"

அந்த நேரத்தில் பெரியதனக்காரர் தாளைத் திருப்பி, "இந்தப் பக்கம் இன்னா எழுதியிருக்குது?" என்று என்னிடம் நீட்டினார்.

அது என் கையெழுத்து. ஆழக் கணக்கும் இடத்தின் பெயரும். பெண்கள் இறங்குகிற தெற்குச் சேற்றுக்கு எதிரே, ஓடம் மேலே போகமுடியாமல் நின்றுவிட்ட இடம். அந்த நாள் எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. அந்தப் படம் வரையப்பட்டபோது அதே ஓடத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் இதை எழுதிக்கொண்டிருந்தேன். பெண்கள் வெகுதூரத்தில் இருந்தார்கள். தலைகளும், எப்போதாவது நிமிர்கிறவர்களின் முதுகுகளும் தெரிந்தன. முதுகில் ஒட்டிய சீலையின் நிறம்கூடத் தெரிந்தது. நான் எழுதிக்கொண்டே அதைப் பார்த்தேன்.

"ஆழக் கணக்கு. வேறொண்ணுமில்ல" என்றேன்.

"சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், நீ கூட இருந்தவன், ஒனக்குத் தெரியும். அந்த ஆளு கண்ணுக்குத் தெரியற சீலைய, தாலிய போடாம உடுவானா?"

அப்போதுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். பார்த்ததை விடமாட்டார், பார்த்தபடியே போடுவார் என்று. ஏன் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டிருக்கிறேன். கோபம் அந்த நிமிஷத்தில் போய்விட்டிருந்தது. உண்மையைச் சொன்னால், காகிதம் படிக்கிறவனுக்குக் காகிதம் படிக்கத் தெரியவில்லை என்று சிரிப்பார்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்பதற்காக அவளை விட்டுக்கொடுத்தேன். வேறு காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

பஞ்சாயத்தார் முன்னால் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடச் சொன்னார்கள். போட்டேன். அதோடு எங்கள் கல்யாணம் தீர்ந்தது. குப்பத்துப் பெண்கள் யாரும் அவளோடு தண்ணீரில் இறங்கக்கூடாது என்றும் கட்டுப்பாடு செய்தார்கள். அவள் அழவில்லை. பெண்கள் நின்ற பக்கம் திரும்பி, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரும் வாயைத் திறக்கவில்லை. அன்று மாலையே அவள் அண்ணன் ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போனான்.

அடுத்த வருஷம் என் அம்மா வேறு பெண் பார்த்தாள். கட்டிக்கொண்டேன். வந்தவள் நல்லவள். அவளைப் பற்றி இங்கே எழுத எனக்கு உரிமையில்லை.

நாலு வருஷம் போயிற்று. ஒல்லாந்தர் ஊரை இங்கிலீஷ்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகவேண்டியதாயிற்று. கச்சேரிக் காகிதங்களில் கடல் கடந்து தங்கள் தலைமையிடமான பத்தாவியாவுக்கு அனுப்பவேண்டியதைப் பெட்டியில் வைத்து, வேண்டாததை எரிக்கச் சொன்னார்கள். வேண்டாதவற்றில், சதுரங்கப்பட்டினத்திலிருந்து திரும்பி வந்த, அளவுக்காரர் வரைந்த படக் கட்டும் இருந்தது. அதில் பாதியை நான் அதுவரை பார்த்ததில்லை. வெளியே கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இறால் தடவும் பெண்களின் படம் மட்டும் பதினொன்று இருந்தது. ஒருத்தி நிமிர்ந்திருக்கிறாள், ஒருத்தி கூந்தலைப் பிழிகிறாள், மற்றவர்கள் குனிந்திருக்கிறார்கள். குனிந்த ஒவ்வொருத்திக்கும் ஒரு தோள் தாழ்ந்திருந்தது. கையைச் சேற்றில் ஆழ விட்டால் தோள் தாழத்தான் செய்யும். நான் என் மனைவி என்று அடையாளம் கண்டது ஒரு வேலையை. அது அவளாக இருந்திருக்கலாம். பக்கத்தில் இருந்தவளாகவும் இருந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க இனி வழியில்லை.

கட்டை எரிக்கவில்லை. எடுத்துக்கொண்டு பஞ்சாயத்துக்குப் போனேன். நான் அன்று சொன்னது பொய் என்று சொல்லிவிட்டுப் படங்களைப் பரப்பினேன். முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒருவன் கூவினான்: "யோவ் மாமா, இது நீதான்யா! கவுந்த தோணி மேல ஒக்காந்துக்கினு கீற!"

பெரியதனக்காரர் வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "எங் கோமணம் எங்கடா?" என்றார். பிறகு தாளை முகத்தருகே கொண்டுபோனார். "மீச எங்க? டேய், எம் மீசய எங்கடா காணோம்?" என்று கத்தியபடி மீசையைக் கையால் பிடித்துப் பார்த்துக்கொண்டார். சிலர் சிரிப்பை அடக்கமுடியாமல் எழுந்து போனார்கள்.

"மீசை உங்க மூஞ்சியில இருந்துச்சு. அவர் வரையல. அதே மாதிரிதான் அவ கழுத்துல தாலியும் இருந்துச்சு, உடம்புல சீலையும் இருந்துச்சு" என்றேன்.

சிரிப்பு நின்றது. எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்பது முகங்களில் தெரிந்தது. அவள் பெயர் தெளிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் பெரியதனக்காரர் எழுந்து, எல்லாத் தாள்களையும் அள்ளினார். "அம்மன் முன்னால சொன்னத மாத்துறதில்ல" என்றார். "இத வெளியில யாராவது பாத்தான்னா, இந்தக் குப்பத்துல ஒருத்தனும் துணி கட்டுறதில்லன்னு சொல்வான்." கரைக்குப் போய் அத்தனை தாளையும் தண்ணீரில் போட்டு, காலால் மிதித்து அமுக்கினார். மற்றவர்களும் போய் மிதித்தார்கள். மை கரைந்து போயிற்று. தங்கள் படம் வெளியே போகக்கூடாது என்ற அவசரத்தில், அவளுக்கு இருந்த ஒரே சாட்சியை அழித்தார்கள். எனக்குத் தடுக்கத் திராணியில்லை.

மறுநாள் ஆரம்பாக்கத்துக்குப் போனேன். அவள் அண்ணன் வழியை மறித்தான்.

"இன்னா எழுத்தரே, இன்னொரு படம் கெடச்சுதா?"

"மன்னிப்புக் கேட்க வந்தேன்" என்றேன்.

"கேட்டுட்டு? தூங்குறதுக்கா? போய்யா."

அவள் உள்ளிருந்து வந்தாள். வயலில் களை பிடுங்கிப் பிழைத்துக்கொண்டிருந்தாள். கை கறுத்து வெடித்திருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். தாளின் பின்புறத்தில் இருந்த என் கையெழுத்தை, பதினொரு படங்களை, மீசையை. மீசையைச் சொன்னபோதுகூட அவள் சிரிக்கவில்லை.

"நான் சீல கட்டியிருந்தது எனக்குத் தெரியாதா? அதச் சொல்லவா இவ்ளோ தூரம் வந்த?" என்றாள்.

"வேற இன்னா செய்யணும்னு சொல்லு. செய்யறேன்."

"நீ ஆம்பளைங்க கிட்டயே போய்ப் போய்ச் சொல்ற. அவுங்க என்ன எங்க பாத்தாங்க? எங்கூட தண்ணில ஒக்காந்தவளுங்க கிட்ட சொல்லு. எனக்கு அவளுங்கதான் துரோகம் பண்ணாளுங்க. நீ கூட அப்புறந்தான்." வெடித்த கையை விரித்துப் பார்த்துவிட்டு, "இங்க இருக்கற பொம்பளைங்க கூட என்ன வரிசையில சேக்கல. நாலு வருசமாச்சு நான் தண்ணில எறங்கி" என்றாள்.

பெண்கள் இறங்குகிற தெற்குச் சேற்றுக்கு நான் நடந்து போனேன். எந்த ஆணும் அங்கே போனதில்லை. முழங்கால்வரை சேறு உள்வாங்கிற்று. இருபதுக்கு மேற்பட்ட தலைகள் தண்ணீரில் தெரிந்தன. வரிசையின் ஓரத்தில் இருந்த கிழவி முதலில் பார்த்தாள். பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கத்தினாள்.

"யார்யா அது? கண்ணு அவிஞ்சு போச்சா? பொம்பளைங்க எறங்கின தண்ணி!"

"தெரிஞ்சுதான் வந்தேன் அத்தை."

"தெரிஞ்சு வேற வந்தியா! சேத்த வாரி மூஞ்சில அடிங்கடி!"

ஒருத்தி உண்மையாகவே அடித்தாள். துடைத்துக்கொண்டு சொன்னேன். அன்றைக்கு நான் சொன்னது பொய், அவள் மீது ஒரு குற்றமும் இல்லை, நான் அதே ஓடத்தில் இருந்து பார்த்தவன் என்று சத்தமாகச் சொன்னேன். காற்றில் கேட்காதோ என்று இரண்டாம் தடவையும் சொன்னேன்.

"எங்களுக்குத் தெரியாதா?" என்றாள் கிழவி. "அவளுக்கு வலது கைப்பக்கம் ஒக்காந்தவ நான். அவ சீலைய நாந்தான் பின்னால இழுத்து இறுக்கிக் கட்டிவுடுவேன்."

"பின்னே ஏன் அன்னைக்குச் சொல்லல?"

"யார்ரா கேட்டீங்க எங்கள?"

நடுவிலிருந்து ஒரு சின்னப் பெண் சொன்னாள்: "சொல்லியிருந்தா, அது அவ இல்லன்னா உங்கள்ல யாருன்னு கேட்டிருப்பாங்க. எல்லாருக்கும் பயம்."

கிழவி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவளப் போய் வரச் சொல்லு. எம் பக்கத்துல எடம் கீது. கட்டுப்பாடு பண்ணவங்க வந்து தண்ணில எறங்கி எண்ணிப் பாக்கட்டும்" என்றாள்.

நான் மறுபடி ஆரம்பாக்கத்துக்குப் போய்ச் சொன்னேன். அவள் வாசலுக்கு வரவில்லை. உள்ளிருந்தே பதில் சொன்னாள்: "நீ யாரு தூது வர? அவளுங்களுக்குக் கால் இல்லையா?"

அதையும் கிழவியிடம் சொன்னேன். ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. தை பிறந்ததும் கிழவியும் வேறு இரண்டு பெண்களும் ஓடம் பிடித்து ஏரியைக் கடந்து போனார்கள். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது ஓடத்தில் அவள் இருந்தாள். கிழவி வீட்டில் தங்கி, மறுநாள் தண்ணீரில் இறங்கினாள். பெரியதனக்காரருக்கு அன்றே தெரியும். ஒன்றும் சொல்லவில்லை. அவர் வீட்டுப் பெண்களும் அதே வரிசையில் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல், ஒவ்வொரு இறால் பருவத்துக்கும் அவள் வந்தாள். பருவம் முடிந்ததும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள். என் வீட்டுப் பக்கம் வந்ததில்லை. எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை, பார்ப்பதும் இல்லை. வந்த முதல் வாரத்தில் கிழவி மூலம் ஒரே ஒரு சொல் அனுப்பினாள். வேலை நடக்கும்போது என் ஓடம் தெற்குச் சேற்றுக்கு எதிரே வந்தால், அவள் எழுந்து கரைக்குப் போய்விடுவாளாம், வரிசை நடுவில் அறுந்துபோகுமாம்.

குப்பத்திலிருந்து பழவேற்காட்டுக்குத் தெற்கு வழியாகப் போவதுதான் சுருக்கம். அன்றிலிருந்து நான் வடக்கே பசியாவரம் தீவைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன். ஒரு நாழிகை கூடுதலாகும், எதிர்க்காற்று அடித்தால் இன்னும் ஆகும். ஓடக்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள்.